ஒரு நாள் வாடகைக்குப் போன அலுமாரி

மரத்தைப் பற்றிச் சொல்லித்தரத்தான் இந்தக் கிழவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்திருந்தால், கடைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பிமாரே, ஏமாந்துவிட்டீர்கள். நெதுன் எது, தேக்கு எது, பலாவுக்குச் சாயம் பூசி நம்மையே ஏய்ப்பது எது என்பதையெல்லாம் பின்பக்கம் பொலிஷ் போடுகிறவர்களிடம் கேளுங்கள். மேசை லாச்சி இறுகி இழுக்க வராவிட்டால் என்ன செய்வது, மழைக்காலத்தில் அலுமாரிக் கதவு ஏன் மூடாது என்பதையும் அவர்களே சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது மனிதர்கள் சங்கதி. நான் வாயைத் திறந்தால் என் மனைவி, “தொடங்கிட்டாரு, இனி அஸர் தொழுகைக்குத்தான் நிப்பாட்டுவாரு” என்பாள். நல்லவேளை, அவள் இங்கே இல்லை. கொஞ்சம் தாராளமாகவே பேசுகிறேன்.

நான் மடவளையிலிருந்து கண்டிக்கு வந்து கொழும்பு வீதித் தளபாடக் கடையில் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. கட்டில், அலுமாரி, கதிரை எல்லாம் மொரட்டுவையில் செய்து ரயிலில் வரும். ஸ்டேஷனிலிருந்து கருப்பையா தன் மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு வருவான். கருப்பையா கடையின் நாட்டாமி. மூட்டை தூக்குவதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் அவன்தான் ஆள். ஒரு தனிக் கட்டிலை ஒற்றை ஆளாக முதுகில் வைத்துப் படியேறிவிடுவான். ஏறும்போது பேச்சையும் நிறுத்தமாட்டான். அதுதான் அவனோடு எனக்கிருந்த ஒரே தொந்தரவு.

சாமான் வாங்க வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பொழுது போய்விடும். தோட்டத்துத் துரைமார் கேட்டுக் கேள்வியில்லாமல் சாய்மனைக் கதிரையில் விழுந்து காலை நீட்டிவிடுவார்கள். ஒரு துரை அப்படியே தூங்கி, சாயங்காலம் எழுந்து, “இதைக் கட்டி அனுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். விலை கூடக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் கதிரையில் உட்காரவே மாட்டார்கள். குனிந்து அதன் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நம்முடைய முஸ்லிம் ஆட்கள் என்றால் பெண்கள் கடைக்கு வருவதில்லை. வாப்பா வந்து பார்த்து, முழம் போட்டு அளந்து, வீட்டில் போய்ச் சொல்லி, உம்மா அங்கிருந்தே “அது வாணாம்” என்று தீர்ப்புச் சொல்லி, மனிதர் தொங்கிய முகத்தோடு திரும்பி வருவார். கண்டிச் சிங்களப் பெரிய குடும்பத்தாரோ வாங்குவார்கள், காசையும் கொடுத்துவிடுவார்கள், சாமானை மட்டும் எடுக்கமாட்டார்கள். சுபநேரம் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதுவரை அது எங்கள் கடையிலேயே நிற்கும். அப்படி விற்ற சாமானின் காலில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவோம். நூல் கட்டியதை வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்பது கடைச் சட்டம்.

சட்டத்தைப் போட்டவர் முதலாளி. அதை உடைத்தவரும் அவரேதான்.

அந்தக் காலத்தில் நாங்கள் சாமான் வாடகைக்கும் விடுவோம். பெரஹரா ஊர்வல மாதத்தில் மாடிகளில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கதிரை போகும். கலியாண வீட்டுக்குப் போகும், சாவு விழுந்த மையத்து வீட்டுக்கும் போகும். மற்ற நாட்களில் மாற்றலாகி வரும் அரசாங்க உத்தியோகத்தர்கள் எடுப்பார்கள். பாவம், அவர்கள் ஊருக்கு ஊர் கட்டில் மேசையைத் தூக்கிக்கொண்டு திரிய முடியுமா? போகும்போது அரைவிலைக்கு விற்பார்கள், புது ஊரில் வெறும் வீட்டில் இருப்பார்கள்.

அப்படி ஒருவர்தான் சின்னத்துரையர். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், கட்டுக்கலையில் வீடு. மனைவி இல்லை, ஒரே மகள். ஒரு மழைநாள் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கடையில் வேறு ஆள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, ஒரு நாளைக்கு மட்டும் செற்றி ஒண்டும் நாலைஞ்சு கதிரையும் வாடகைக்குத் தருவியளோ?”

“அதுக்கென்ன ஐயா, தாரம். விசேஷமா?”

“பிள்ளையைப் பாக்க நாவலப்பிட்டியிலை இருந்து நாளைக்கு ஆக்கள் வருகினம். பெடியன் தோட்டத்து ஆஸ்பத்திரியிலை மருந்து குடுக்கிற அப்போதிக்கரி. நல்ல இடம்.” குரலை இன்னும் தாழ்த்தினார். “முந்தி ரண்டு இடத்தாலை வந்து சரிவரேல்லைத் தம்பி. கடைசியா வந்தவை வாசல்லை நிண்டு சுத்திப் பாத்துப்போட்டு, ‘வீடு மாறிப் போறியளோ?’ எண்டு கேட்டவை. பிள்ளை உள்ளுக்கை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தது.”

இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஒரு கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது. மூன்று பேர் உட்காரும் நல்ல செற்றி ஒன்றும் கதிரைகளும், நடுவில் போட ரீப்போ என்கிற குட்டி மேசையும் காட்டினேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்போதுதான் பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. மனிதர் நல்லவர், கையும் தாராளம். ஆனால் ஒரு வாடிக்கையாளர் கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“ஐயா, ஆம்புளயள் முன்னுக்கு இருந்து கதப்பாங்க. பொம்புளயள் அறைக்குள்ள போவாங்களே! அங்க என்னா ஈக்கி?”

சின்னத்துரையர் விழித்தார். அறைக்குள் ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் இருந்தன என்று பின்னால் தெரிந்தது.

முதலாளி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தைப் பார்த்ததும் நான் பின்னாலேயே ஓடினேன். நெதுன் மரத்தில் இரட்டைக் கதவு அலுமாரி. ஒரு கதவு முழுக்க சீமைக் கண்ணாடி. அந்த வருஷம் கடைக்கு வந்ததிலேயே ராஜா அதுதான். பேராதனைப் பக்கத்து வலவ்வ மாளிகை ஒன்றின் சீமாட்டி, எல்லோரும் ஹாமினே என்று கூப்பிடுவோம், அதைத் தன் மகளின் புது வீட்டுக்கென்று வாங்கி, சுபநேரத்துக்காக விட்டுவைத்திருந்தார். அலுமாரியின் காலில் சிவப்பு நூல் தெரிந்தது.

நான் முதலாளியை ஓரமாக இழுத்தேன். “அது வலவ்வட சாமான். நாளண்டைக்கு எடுக்க வாராங்க.”

“நாளண்டைக்குத் தானே? இது நாளைக்குப் போய் நாளைக்கே வந்திடும். ஒரு நாள் போய்ட்டு வந்தா மரம் தேஞ்சா போயிரும்? அந்த மனிசன்ட மொகத்தப் பாருடா சாலி.”

குனிந்து நூலை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சின்னத்துரையர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு நின்றார். மனிதர் ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தார். முதலாளி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது உண்மை. அதனால்தான் இன்றைக்கும் அவரை முழுசாகத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

மறுநாள் காலையில் கருப்பையாவும் நானும் சாமானைக் கொண்டுபோய் இறக்கினோம். சின்னத்துரையரின் மகள் இராசமலர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அலுமாரி அறைக்குள் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“அப்பா, இதென்ன? செற்றி எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ஒரு நாளைக்குத்தானே பிள்ளை.”

“அடுத்த முறை அவை வந்து, அலுமாரி எங்கை எண்டு கேட்டால்?”

“அதைப் பிறகு பாப்பம்.”

அவள் அப்பாவின் வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு அடுப்படிக்குள் போனாள். மாலையே எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பதால் கருப்பையாவும் நானும் பின்பக்கம் அடுப்படிக் கூரைக்கீழே காத்திருந்தோம். தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் எங்களுக்கும் வந்தன. கருப்பையா முகம் மலர்ந்துவிட்டான்.

மத்தியானத்துக்குப் பிறகு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயும், தாயின் தம்பியும். அந்த அம்மா உயரம், நிமிர்ந்த நடை. விதவைக் கோலத்திலும் ஒரு அதிகாரம் இருந்தது. தனியாக நின்று பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்கியவர் என்று பார்த்தாலே தெரியும். முன்னுக்குச் சிரிப்பும் பேச்சும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் அவர் பெண்ணோடு அறைக்குள் போனார். அறை ஜன்னல் எங்கள் பக்கம் இருந்தது. அலுமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் முன்னறைக்குத் திரும்பி வந்து பேசியது எங்களுக்குத் தெளிவாகவே கேட்டது.

“எனக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. சீதனம் எண்டு நாங்கள் வாய்விட்டு ஒண்டும் கேக்கேல்லை. அந்த அலுமாரி மட்டும் பிள்ளையோடை வரட்டும்.”

பிறகு சின்னத்துரையரின் குரல்.

“ஓம்... ஓம். அதுக்கென்ன. வரட்டும்.”

கடிக்கப் போன பணியாரத்தை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். கருப்பையா என் காதருகே வந்தான். என்னை அவன் அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான்.

“நானா, அந்தம்மா நம்ம அலமாரியையில்ல கேக்குது!”

“வாய மூடுடா.”

“மூடிக்கிறேன். நான் மூடிட்டா வலவ்வ வண்டி வராம போயிருமா?”

இதற்குள் வானம் பொத்துக்கொண்டது. கண்டி மழை உங்களுக்குத் தெரியும்தானே, வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிடும். சாயங்கால ரயிலுக்கு நேரம் பார்க்கப் போன தாய்மாமன் நனைந்துகொண்டு திரும்பி வந்தார். கம்பளைக்கு அங்கால் தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டதாம், காலையில்தான் ரயிலாம். வேறு வழியில்லை, இங்கேதான் தங்க வேண்டும். சின்னத்துரையர் பின்பக்கம் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

“தம்பி, இப்ப எடுத்துப் போடாதேங்கோ. அவை பாத்துக்கொண்டிருக்கேக்கை எப்பிடி எடுக்கிறது? நாளைக்குக் காலமை அவை வெளிக்கிட்ட உடனை வாங்கோ.”

நாளைக்குக் காலையில்தான் ஹாமினேயின் ஆட்கள் வருகிறார்கள் என்று நான் சொன்னேன். அலுமாரி விற்ற சாமான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மனிதர் அடுப்படிச் சுவரில் சாய்ந்துவிட்டார். அவரிடம் போய் என்ன சொல்வது? வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினோம். திரும்புவதற்கு முன் இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். மாப்பிள்ளையின் தாய் தன்னுடைய மாற்றுச் சேலையையும் கைப்பையையும் அந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார்.

காலையில் நான் கடைக்குப் போனபோது வலவ்வ வண்டி வாசலில் நின்றது. வெள்ளை மாடு, வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே புதுப் பாய் விரித்திருந்தார்கள். கூட வந்த காரியக்காரர் கையில் வெற்றிலைத் தட்டு. சுபநேரம் மதியத்துக்கு முன்னால் முடிந்துவிடுமாம். மகளின் புதுவீட்டுக்குள் முதல் முதலாகப் போகும் சாமான் இதுதானாம். முதலாளி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, “பின்னுக்குப் பொலிஷ் போட்டுட்டீக்கிறாங்க, இப்ப வந்திடும்” என்று சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் ரத்தமே இல்லை.

“யா அல்லாஹ்! நேரம் தவறினா அந்த ஹாமினே என்னைய இந்த வீதியிலயே வெச்சிப் பொசுக்கிருவா. அவட மகளுக்கு ஒரு தலவலி வந்தாலும் என்ட அலுமாரியாலதான் எண்டு சொல்லுவாங்க. ஓடுடா சாலி. எத்தயாவது சொல்லி எடுத்திட்டு வா!”

ஓடினேன் என்று சொல்ல முடியாது, கரத்தை மாடு ஓடாதே. ஆனால் கட்டுக்கலைக்குப் போகும் வழியெல்லாம் என் மூளை ஓடியது. நல்ல பொய் ஒன்றைத் தயார் செய்துகொண்டேன். கண்ணாடியின் பின்பக்கம் ரசம் கழன்று வருகிறது, கடையிலிருந்தே சரிசெய்து தருவதாக ஏற்கெனவே பேச்சு, கண்ணாடி ஆள் கொழும்பிலிருந்து இன்றைக்குத்தான் வருகிறார். கேட்டுப் பாருங்கள், ஒரு ஓட்டை இருக்கிறதா? அலுமாரி வெளியே வந்துவிடும், சின்னத்துரையரின் மானமும் தப்பிவிடும். கலியாணத்துக்கு முன்னால் மொரட்டுவையில் அதே மாதிரி இன்னொன்று செய்விக்கலாம். விற்பனைக்காரன் என்றால் சும்மாவா என்று என்னை நானே மெச்சிக்கொண்டுதான் அவர் வீட்டு வாசல் படலையைத் திறந்தேன்.

எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் செற்றியில், தாய்மாமன் கதிரையில். சின்னத்துரையர் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்களைப் பார்த்தேன், ஒரு பொட்டும் தூங்கவில்லை என்று தெரிந்தது. கரத்தையையும் கருப்பையாவையும் கண்டதும் அந்த அம்மா கேட்டார்.

“ஆர் தம்பி நீர்?”

“தளபாடக் கடையில இருந்து வாரம்மா. அந்த அலுமாரி விஷயமா...”

அவ்வளவுதான் சொன்னேன். ரசம் கழன்ற கதை நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குள் இராசமலர் அடுப்படி வாசலிலிருந்து நடு அறைக்கு வந்துவிட்டாள். கையில் அகப்பை, அதைக் கீழே வைக்கவும் மறந்துபோயிருந்தாள்.

“மாமி, அந்த அலுமாரி எங்கடை இல்லை. கடையிலை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது. அதை வேறை ஆக்கள் வாங்கிப் போட்டினமாம். அதைத்தான் எடுக்க வந்திருக்கினம்.”

சின்னத்துரையர், “பிள்ளை!” என்று கத்தினார். பிறகு சிரிக்க முயன்றார். “அது... அவ சும்மா பகிடி விடுறா.”

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. பெண்ணையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

“தம்பி, பிள்ளை சொல்லுறது மெய்யே?”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இதற்குத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்தேன். அவருக்குப் பின்னால் சின்னத்துரையர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார். இல்லை என்று சொல்லு, தம்பி, இல்லை என்று சொல்லு என்று அந்தக் கைகள் கெஞ்சுகின்றன. வாடகை கட்டியவர் அவர். எங்கள் வாடிக்கையாளர் அவர். “பகிடிதான் அம்மா, கண்ணாடியிலதான் கோளாறு” என்று நான் சொன்னால் போதும், நம்பிவிடுவார். அப்படிச் சொன்னால் அந்தப் பெண் என்ன ஆவாள்? முதல் நாளே மாமியார் முன்னால் பொய்க்காரி. அதுவும் உண்மையைச் சொன்னதற்காக. அவள் அகப்பையும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மெய்தான் அம்மா,” என்றேன். “கடைச் சாமான்.”

சின்னத்துரையரின் கைகள் கீழே விழுந்தன. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண்ணின் கலியாணத்தை நானே என் வாயால் முறித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா தான் உட்கார்ந்திருந்த செற்றியை ஒருமுறை கையால் தட்டினார்.

“அப்ப இது?”

“அதுவும் மாமி,” என்றாள் இராசமலர்.

“இந்தக் கதிரையள்?”

“அதுகளும்.”

“இந்த ரீப்போ?”

“அதுவும்தான்.”

“அப்ப உங்கடை எண்டு இந்த வீட்டிலை என்ன பிள்ளை இருக்கு?”

“பின் விறாந்தையிலை இருக்கிறதுக்கு ஒரு பலகை வாங்கு கிடக்கு மாமி. அதுவும், நானும், அப்பாவும்.”

அழுதுகொண்டு சொல்லவில்லை, வீறாப்பாகவும் சொல்லவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். தாய்மாமன் தன் கதிரையிலிருந்து மெல்ல எழுந்துவிட்டார், ஏதோ டிக்கட் இல்லாமல் ஏறிவிட்டவர் போல.

அந்த அம்மா எழுந்து அறைக்குள் போனார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தார். தன் சேலையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டார். சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

“கொண்டு போம் தம்பி. வாங்கின ஆக்கள் பாத்துக்கொண்டிருப்பினம்.”

முகத்தில் கோபமா, கசப்பா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பையைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்றால் புறப்படுகிறார் என்றுதானே அர்த்தம்? கருப்பையாவும் நானும் அலுமாரியைத் தூக்கினோம். வாசலைத் தாண்டும்போது சின்னத்துரையரின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. வழியில் கருப்பையா ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். பேராதனை வீதித் திருப்பத்தில் மட்டும், “பாவம் நானா அந்தப் புள்ள, தங்கமான புள்ள” என்றான்.

வலவ்வக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நேரம் தவறவில்லை. காரியக்காரர் அலுமாரியை வெற்றிலை வைத்து வாங்கிக்கொண்டார். முதலாளி சட்டைப்பைக்குள் கிடந்த சிவப்பு நூலை எடுத்து முகத்தைத் துடைக்கப் பார்த்தார், கைலேஞ்சி என்று நினைத்துவிட்டார் மனிதர். அவ்வளவு பதற்றம். ஹாமினே கடைசிவரை எங்கள் வாடிக்கையாளராகத்தான் இருந்தார். நான் கடையை நடத்துகிற காலம் வந்தபோது இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். நூல் கட்டிய சாமான் வாங்கியவர் வீட்டுக்கே தவிர வேறு எங்கும் போகாது. வாடகைக்கு வருகிறவரிடம் எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்று மட்டும்தான் கேட்போம், அறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டோம். நீங்களும் கேட்காதீர்கள்.

சரி, மிச்சச் சாமானை எடுக்க மறுபடியும் கட்டுக்கலைக்குப் போக வேண்டுமே. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கால் வரவில்லை. “நீ மட்டும் போய் ஏத்திட்டு வா கருப்பையா” என்று சொல்லிப் பார்த்தேன். “அந்தய்யா மொகத்த நா மட்டும் பாக்கவா? வாங்க நானா” என்று இழுத்துக்கொண்டு போனான்.

படலையைத் திறந்தபோது செற்றியும் கதிரைகளும் ரீப்போவும் முன் விறாந்தையில் வரிசையாக நின்றன. உள்ளே யாரோ சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். வெறும் முன்னறையின் நடுவில் ஒரு பழைய பலா வாங்கு கிடந்தது. அதில் அந்த அம்மா உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னத்துரையர் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் அவர் கையிலும் தேத்தண்ணிக் கோப்பை. தாய்மாமன் தரையில் பாய் போட்டு, பணியாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். இராசமலர் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அகப்பை இப்போது கையில் இல்லை.

“தம்பி வந்திட்டார்,” என்றார் அந்த அம்மா. “சாமானெல்லாம் நாங்களே எடுத்து வெளியிலை வைச்சிட்டம். உதுகள் நடுவிலை கிடக்க, மனிசர் ஆறுதலா இருந்து கதைக்கேலாது.”

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல? அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அலுமாரி இல்லை என்று தெரிந்தும் இருக்கிறார்களே! கருப்பையா விறாந்தையிலேயே நின்று பல்லைக் காட்டினான். சாமானை ஏற்றத் தொடங்கினோம். கடைசியாகச் செற்றியைத் தூக்கும்போது அந்த அம்மா உள்ளிருந்தே கூப்பிட்டார். மெதுவாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீடு முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டார்.

“தம்பி, உங்கடை கடைச் சாமான் நாவலப்பிட்டிக்கும் அனுப்புவியளோ?”

எனக்கு விளங்கவில்லை. கடைக்காரப் புத்தி வேறு முந்திக்கொண்டது. “அனுப்பலாம் அம்மா, ரயில்ல ஏத்தி விடலாம். யாருக்கு?”

“எங்களுக்குத்தான். வாற கிழமை இவை எங்கடை வீடு பாக்க வருவினம். அங்கை உந்த வாங்கும் இல்லை.”

தாய்மாமன் தலையைக் குனிந்துகொண்டார். சின்னத்துரையர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார், முதல்தடவை பார்ப்பது போல. இராசமலர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“வேண்டாம் மாமி,” என்றாள். “பாய் இருக்குமெல்லோ. பாயிலை இருப்பம்.”